எலி வளையானாலும்

நல்கொண்டா மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் அவளை எல்லோரும் ‘எலுகல அம்மாயி’ என்றே அழைத்தனர். எலிகளைத் தேடி வரும் பெண் என்பது தெலுங்கில் அதன் பொருள். கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகே பிறந்து வளர்ந்த அவளுக்கோ அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். முதன்முறை அந்தப் பெயரைக் கேட்ட நாளில், இருபத்தாறு வயதிலேயே தான் எலிகளுக்குப் பாட்டியாகிவிட்டதாக வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். மறுமுனையில் இருந்த அவளுடைய அம்மாயி சிரிக்கவில்லை. “படிக்கப் போன புள்ளைக்கு எலி புடிக்கற வேல எதுக்கு கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஐந்து ஆண்டுகளில் அவள் பல விதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கிறாள். எந்த விடையும் அம்மாயிக்கு நிறைவளிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டின் இறுதியில் அவளுக்கே நிறைவளிக்காமல் போனது.

ஐதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். வீட்டுச் சுண்டெலிகளின் மரபணு வேறுபாடும் அவற்றின் இனக்கூட்ட அமைப்பும் அவளுடைய ஆய்வுப்பொருள். எலியைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஆய்வகக் கூண்டுகளிலிருந்து வந்தது. அங்கே மிகுதியாக வளர்க்கப்படும் சி57பிஎல்/6 என்னும் கறுப்பு எலி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏபி லாத்ராப் என்ற பெண்மணி வளர்த்துவந்த எலிகளின் வழியில் 1921இல் உருவாக்கப்பட்டது. உடன்பிறப்புகளையே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்து வந்ததால், அந்த வகையின் எலிகள் இன்று ஒன்றுக்கொன்று ஏறக்குறைய நகல்கள். 2002இல் வெளியான முதல் எலி மரபணுத்தொகையும் அந்த ஒரு வகையினுடையதே.

ஆனால் வீட்டுப் பரணில் ஓடும் சுண்டெலியின் கதை வேறு. வீட்டெலியின் முதன்மையான மூன்று கிளையினங்களும் சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவை. இந்தியாவில் வாழ்வது காஸ்டேனியஸ் என்னும் கிளையினம். எலிகளின் இந்தப் பெருங்குடும்பம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியிலிருந்தே பரவியிருக்கலாம் என்று 1990களின் ஆய்வுகள் முன்வைத்தன. இரண்டு மனிதர்களின் மரபணுத்தொகையை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். வடமேற்கு இந்தியாவில் பிடிக்கப்பட்ட வீட்டெலிகளிடம் இந்த வேறுபாடு அதைப்போல் பல மடங்கு. பதினைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிர், மனித இனம் இழந்துவிட்ட அல்லது ஒருபோதும் பெற்றிராத பன்மையைச் சுமந்துகொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடுகிறது. இந்த எண்ணமே அவளை அந்தத் துறைக்கு இழுத்து வந்தது.

அவள் எழுப்பிய கேள்வி எளியது. நாகார்ஜுனசாகர் அணையின் இடதுகரைக் கால்வாய் அந்தப் பகுதியின் வயல்களுக்கு நடுவே செல்கிறது. கால்வாய்க்கு இப்புறம் உள்ள ஊர்களின் எலிகளும் அப்புறம் உள்ள ஊரின் எலிகளும் இன்னமும் ஒரே கூட்டமாக உள்ளனவா, அல்லது அந்த நீர் அவற்றைப் பிரித்துவிட்டதா? மூன்று ஊர்கள், ஊருக்கு ஆறு வீடுகள், மொத்தம் 312 எலிகள். நான்கு அறுவடைக் காலங்கள் அதற்குச் செலவாயின.

களப்பணி என்பது பெரும்பாலும் காத்திருப்பு. மாலையில் அலுமினியப் பெட்டிப் பொறிகளைச் சுவரோரமாக வைக்க வேண்டும். எலி திறந்த தரையைக் குறுக்கே கடப்பதை விரும்பாது, சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடும். உள்ளே சுட்ட தேங்காய்ச் சில்லும் வேர்க்கடலையும் வைத்து, குளிர்காலமானால் ஒரு பிடி பஞ்சும் சேர்க்க வேண்டும். விடியுமுன் எல்லாப் பொறிகளையும் திறந்து பார்த்துவிட வேண்டும். கோடையில் வெயில் ஏறிவிட்டால் அலுமினியப் பெட்டி அடுப்பாகிவிடும். பிடிபட்ட எலியைத் துணிப்பைக்கு மாற்றி, எடை பார்த்து, காதின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளைத்துண்டு எடுத்து, எத்தனால் நிரம்பிய சிறு குப்பியில் போட்டபின் எலியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். குப்பியின் மேல் பேனாவால் எழுதினால் எத்தனால் அழித்துவிடும் என்பதால், சிறு காகிதத் துண்டில் பென்சிலால் எண் எழுதி உள்ளேயே போடுவது வழக்கம். ஊர்ப்பெயரின் இரண்டு எழுத்து, அதன்பின் வரிசை எண். எந்த வீடு, எந்த மூலை, எலியின் உடலில் ஏதேனும் அடையாளம் உண்டா என்பவற்றைக் களக்குறிப்பேட்டில் எழுதினாள்.

பிடித்த எலியைத் திரும்ப விடுவதை ஊரார் ஏற்கவே இல்லை. பயிரைத் தின்னும் சனியனைப் பிடித்துக் காது குத்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பைத்தியம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. பதினெட்டு வீடுகளில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு எழவில்லை. அது தெருக்கோடியில் இருந்த ஓட்டு வீடு. எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி அங்கே தனியாக வாழ்ந்தார். முன்கட்டில் மூங்கிலால் பின்னிச் சாணம் பூசிய பெரிய நெற்குதிர் ஒன்று இருந்தது. அவள் அவரை ‘அவ்வா’ என்று அழைத்தாள். அவர் அவளை ‘பிட்டா’ என்றார். அந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

சிக்கல் ஆய்வகத்தில் தொடங்கியது.

ஒவ்வோர் எலியின் மரபணுத்தொகையிலும் பதினான்கு இடங்களை அவள் படித்தாள். மைக்ரோசாட்டிலைட் எனப்படும் இந்த இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது எலிக்கு எலி மாறும். அந்த வடிவம் ஒவ்வொன்றும் ஓர் அல்லீல். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு அல்லீல்கள் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒத்த இணை, வேறாக இருந்தால் கலப்பு இணை.

ஓர் ஊரின் எலிகள் அனைத்தும் தடையின்றித் தமக்குள் கலக்கின்றன என்றால், கலப்பு இணைகள் எத்தனை இருக்கும் என்பதைக் கணக்கிட ஒரு விதி உண்டு. இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட அதே ஹார்டி 1908இல் ஒரு சிறு கடிதமாக அதை வெளியிட்டார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வெய்ன்பெர்க் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்திருந்தார். அந்த விதி சொன்ன அளவுக்கு அவளுடைய எலிகளிடம் கலப்பு இணைகள் இல்லை. மூன்று ஊர்களிலும் குறைந்திருந்தன. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குறைந்திருந்தன.

இத்தகைய குறை தென்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது ஆய்வாளரின் கையை. டி.என்.ஏ. சிதைந்திருந்தால் இரண்டு அல்லீல்களில் ஒன்று மட்டும் கருவியில் தெரியும், மற்றது விழுந்துவிடும். அப்போது கலப்பு இணை ஒத்த இணையாகத் தோற்றமளிக்கும். குப்பிகளில் எத்தனால் கோடையில் ஆவியாகியிருக்கலாம். பிரித்தெடுக்கும்போது பிழை நேர்ந்திருக்கலாம். ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டத்தில் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டன. யாரும் குரலை உயர்த்தவில்லை. அவள் மீண்டும் முப்பது மாதிரிகளைத் தொடக்கத்திலிருந்து செய்து காட்டினாள்; முடிவுகள் ஏறக்குறைய மாறாமல் வந்தன. முப்பது போதாது என்றார்கள். முந்நூறையும் திரும்பச் செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை. உதவித்தொகை முடிய ஏழு மாதங்கள் இருந்தன. அந்த இயலை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கொண்டு முடித்துவிடலாம் என்று நெறியாளர் பரிவோடுதான் சொன்னார்.

நான்கு அறுவடைக் காலங்கள் ஒரு வாக்கியத்தில் போயின. அதைவிட அவளை வருத்தியது வேறு. தன் கைகள் பிழை செய்தனவா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. தான் செய்த வேலையைத் தானே நம்ப முடியாத நிலை எந்த மாணவரையும் உள்ளிருந்து அரிக்கக்கூடியது.

டிசம்பரில் அவள் அந்த ஊருக்குப் போனது ஆய்வுக்காக அன்று. பொறிகள் சில இன்னும் அவ்வாவின் வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றை எடுத்துவரப் போனாள். அறுவடை முடிந்து குதிர் நிறைந்திருந்தது. அவ்வா முற்றத்தில் துவரை உடைத்துக்கொண்டிருந்தார். இனி எலி பிடிக்க வரமாட்டேன் என்று அவள் சொன்னாள். காரணத்தைக் கேட்டார். தனக்குத் தெரிந்த தெலுங்கில் அவள் விளக்க முயன்றாள்: இந்த ஊர் எலிகள் எல்லாம் ஒரே கூட்டம் என்று நினைத்தேன், கணக்கு அப்படி வரவில்லை, என் கணக்குத்தான் தவறு என்கிறார்கள்.

அவ்வா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ஒரே கூட்டம் என்று யார் சொன்னது? என் வீட்டு எலிக்கு வால் நுனி வெள்ளை. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாயா? அங்கிருந்து ஒன்று இங்கே வந்தால் இவை விடாது. கடித்துத் துரத்திவிடும். தூக்கம் வராத கிழவி நான், இராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே கிடக்கிறேன்.”

பிறகு ஏதோ மிகச் சாதாரணமானதைச் சொன்னவர்போல் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

கோபிக்கு அருகில் இருந்த அம்மாயி, மகன்கள் நகரத்துக்கு அழைக்கும்போதெல்லாம் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: எலி வளையானாலும் தனி வளை வேண்டும். பேருந்தில் ஐதராபாத் திரும்பும்போது அது அவள் நினைவுக்கு வந்தது. எத்தனையோ முறை கேட்ட சொல். எலியைப் பற்றி அது ஏதேனும் சொல்கிறது என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை.

அறைக்கு வந்ததும் களக்குறிப்பேடுகளை எடுத்தாள். அந்த ஊரில் ‘வால் நுனி வெண்மை’ என்று அவளே எழுதியிருந்தது பதினொரு இடங்களில். ஒன்பது அவ்வாவின் வீடு. ஒரு முறைகூட அவள் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. அதற்கும் மேலாக, கணினியில் இருந்த அட்டவணையைத் திறந்தபோது வீடு என்ற பத்தியே அதில் இல்லை. முதலாம் ஆண்டில் அமைத்த அந்த அட்டவணையில் இடம் என்ற தலைப்பின் கீழ் ஊரின் பெயர் மட்டும் இருந்தது. பதினெட்டு வீடுகள் மூன்று சொற்களாகச் சுருங்கியிருந்தன.

இது எப்படிக் கலப்பு இணைகளைக் குறைத்துக் காட்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தெருவில் இரண்டு வீடுகள், வீட்டுக்கு நூறு எலிகள் என்று கொள்வோம். முதல் வீட்டில் ‘அ’ என்னும் அல்லீல் நூற்றுக்குத் தொண்ணூறு, ‘ஆ’ பத்து. இரண்டாம் வீட்டில் அது தலைகீழ். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எலிகள் தடையின்றிக் கலந்தால், கலப்பு இணை கொண்டவை வீட்டுக்குப் பதினெட்டு இருக்கும். இப்போது இரண்டு வீடுகளையும் ஒரே ஊர் என்று சேர்த்து எண்ணினால் ‘அ’ பாதி, ‘ஆ’ பாதி. அந்த நிலையில் நூற்றுக்கு ஐம்பது எலிகள் கலப்பு இணை கொண்டிருக்க வேண்டும் என்று விதி சொல்லும். உண்மையில் இருப்பவையோ நூற்றுக்குப் பதினெட்டு. எந்தக் குப்பியும் காயவில்லை, எந்தக் கையும் தவறவில்லை. சுவரைக் கணக்கில் சேர்க்காததே பிழை. சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் வாலுண்ட் 1928இல் இதை விளக்கினார்; அந்த விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. பாடத்தில் அவள் அதைப் படித்திருந்தாள், தேர்வில் எழுதியும் இருந்தாள்.

எலிகளிடமே இதைக் கண்டவர்களும் இருந்தனர். 1967இல் பெட்ராஸ் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பண்ணை எலிகளிடம் இதே குறையைக் கண்டு, அவை மிகச் சிறிய இனப்பெருக்கக் குழுக்களாகப் பிரிந்து வாழ்கின்றன என்று காட்டினார். ஓரிரு ஆண்டுகளில் ராபர்ட் செலாண்டர் டெக்சாசில், ஒரே பண்ணையின் வெவ்வேறு தானியக் கொட்டகைகளுக்கு இடையேகூட அல்லீல்களின் விகிதம் மாறுவதைக் கண்டார். தீனி நிறைந்த கட்டடத்துக்குள் ஒரு வலிய ஆணும் சில பெண் எலிகளும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்து ஒரு குடும்பமாகச் சில சதுர மீட்டர் பரப்பைத் தமக்கென வைத்துக்கொள்ளும். அயலானை உள்ளே விடுவதில்லை. வெளியேறும் இளம் எலிகள் சிலவே, அவற்றுள் வேறிடத்தில் இணை சேர்ந்து வாழ்வன அதனினும் சில. அவ்வளவு சிறிய குழுவில் எந்த அல்லீல் பெருகும், எது மறையும் என்பதைப் பெரிதும் தற்செயலே முடிவு செய்கிறது. எலி மூன்று வாரத்தில் ஈனும். குட்டி இரண்டு மாதத்துக்குள் பருவமடையும். ஆகவே சில ஆண்டுகளிலேயே அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு திசையில் விலகிவிடும்.

நீண்ட காலமும் பெரிய தடையும் கிடைத்தால் இந்த விலகல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அட்லாண்டிக்கின் மதீரா தீவு சான்று. வழக்கமான வீட்டெலிக்கு நாற்பது குரோமோசோம்கள். செங்குத்தான மலைகள் பிரிக்கும் அத்தீவின் பள்ளத்தாக்குகளில், குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை முப்பது முதல் இருபத்திரண்டு வரை குறைந்த ஆறு தனித்தனி வகைகள் வாழ்கின்றன என்று 2000இல் பிரிட்டன் டேவிடியன் குழுவினர் அறிவித்தனர். மனிதரின் படகில் வந்து இறங்கிய எலிகள் ஆயிரம் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் அந்நிலையை எட்டிவிட்டன.

மூன்று இரவுகள் அமர்ந்து, 312 எலிகளுக்கும் குறிப்பேட்டிலிருந்து வீட்டின் எண்ணை எடுத்து அட்டவணையில் சேர்த்தாள். ஊர் ஊராகச் செய்த கணக்கை வீடு வீடாகச் செய்தாள். குறை பெருமளவு மறைந்தது.

முழுமையாக மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு இடங்களில் இரண்டில் மட்டும் வீட்டுக்குள்ளேயும் குறை எஞ்சியது. கூட்டம் பிரிந்திருந்தால் குறை எல்லா இடங்களிலும் ஒருசேரத் தெரியும். வேதிமுறையின் பிழையோ குறிப்பிட்ட சில இடங்களோடு நின்றுவிடும். அந்த இரண்டும் பிழையுள்ளவை என்று முடிவு செய்து நீக்கினாள். குழுவின் ஐயம் அந்த அளவுக்குச் சரியாகவே இருந்தது. ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகளையே மிகுதியாகப் பிடித்திருந்தால் வீடுகளுக்கிடையே வேறுபாடு பெரிதாகத் தெரியுமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நெருங்கிய உறவுள்ளவற்றில் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை விலக்கி மறுபடியும் கணக்கிட்டாள். வேறுபாடு சற்றுக் குறைந்தது, ஆயினும் நின்றது. அவள் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. கால்வாயின் இரு கரைகளுக்கு இடையே இருந்ததைவிட, ஒரே தெருவின் இரு வீடுகளுக்கு இடையே வேறுபாடு மிகுதியாக இருந்தது.

வீட்டின் எண்ணை அட்டவணையில் ஏன் சேர்க்கவில்லை என்று நெறியாளர் கேட்டார். அவளிடம் விடை இல்லை. சிறிது நேரம் கழித்து, முதலாம் ஆண்டில் அந்த அட்டவணையின் மாதிரியைத் தந்தது தாமே என்பது அவருக்கு நினைவு வந்தது. அதை அவர் மறைக்காமல் சொன்னார். இயல் ஆய்வேட்டில் நின்றது.

இந்த அமைப்பை அறிவதால் பயன் என்ன என்ற அம்மாயியின் கேள்விக்கு இப்போது அவளால் சற்றுத் தெளிவாக விடை சொல்ல முடிந்தது. ஒரு வீட்டில் மட்டும் நஞ்சு வைத்தால் அந்த வீட்டுக் குடும்பம் அழியும். காலியான இடத்துக்குப் பக்கத்து வீட்டுக் குடும்பம் பரவும். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பயன் நிற்கும். அதே வேளையில், நஞ்சைத் தாங்கும் மரபணு எங்கோ ஒரு வீட்டில் தோன்றினாலும் சுவர்கள் அதைக் காலமெல்லாம் தடுத்து வைத்திருக்கா. ஐரோப்பாவில் வேறோர் எலி இனத்தோடு எப்போதோ நேர்ந்த கலப்பின் வழியாகவே வீட்டெலிகளுக்கு வார்ஃபரின் போன்ற நஞ்சைத் தாங்கும் மரபணு வடிவம் ஒன்று வந்து சேர்ந்தது என்பது 2011இல் தெரியவந்தது. அரிதாக நிகழும் ஒரு கலப்பு அவ்வளவு தூரம் போகக்கூடும். அம்மாயி கேட்டுவிட்டு, “அதான் எல்லா ஊட்லயும் ஒரே நாள்ல பூனைய உடோணும்ங்கிறயா?” என்றார். ஏறக்குறைய அதுதான்.

பிப்ரவரியில் அவ்வாவுக்கு நன்றி சொல்லப் போனபோது, கூரையின் ஓடுகள் இறக்கப்பட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்தன. மகன் ஐதராபாத்தில் அடுக்கக வீடு வாங்கியிருந்தான். தாயைத் தனியே விட மனமில்லை. வீட்டை இடித்துவிட்டு மனையை விற்பதென்று முடிவாகியிருந்தது. குதிரைப் பிரித்து நெல்லை ஏற்றியாகிவிட்டது. அவ்வா திண்ணையில் அமர்ந்து ஆள்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் அதிகம் பேசவில்லை. பொறி ஒன்றைத் தவறுதலாக மகன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான் என்று மட்டும் வருத்தப்பட்டார்.

அந்த வீட்டின் எலிகளிடம் பதினெட்டு வீடுகளில் வேறெங்கும் இல்லாத ஓர் அல்லீல் இருந்தது. அட்டவணையில் அது ஓர் எண் மட்டுமே. அது எலிக்கு எந்த நன்மையும் தீமையும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அப்போது செயின்ட் கில்டா நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள அந்தத் தீவுக்கூட்டத்தில் தனித்துவமான ஒரு வீட்டெலி வகை வாழ்ந்தது. 1930 ஆகஸ்டில் அங்கே எஞ்சியிருந்த முப்பத்தாறு பேரும் தீவை விட்டு வெளியேறினர். அடுப்பு அணைந்து, தானியம் தீர்ந்து, சில ஆண்டுகளுக்குள் அந்த எலி வகையும் இல்லாமல் போனது. தீவின் வயலெலி இன்றும் வாழ்கிறது. மனிதரோடு ஒட்டி வாழ்ந்தது மனிதரோடு முடிந்தது.

ஏப்ரலில், உதவித்தொகையின் கடைசி மாதத்தில், கைவசம் இருந்த வேதிப்பொருளில் இன்னும் ஒரு முறை செய்யப் போதுமானது எஞ்சியிருந்தது. ஆய்வேட்டுக்கு அது தேவையில்லை. ஆயினும் நெறியாளரிடம் கேட்டு, பொறிகளோடு ஒரு முறை போய்வந்தாள். தெருக்கோடியில் வெற்று மனையில் செங்கல் தூள் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண், இடித்த வாரம் முழுவதும் தம் வீட்டில் எலிகளின் சண்டை என்றும், காலையில் செத்த எலிகளைக் கூட்டித் தள்ளியதாகவும் சொன்னார். இரண்டு இரவுகளில் அந்த வீட்டில் ஏழு எலிகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று இளம் பெண் எலி. எடை ஒன்பது கிராம். வால் நுனி வெள்ளை.

ஆய்வகத்தில் பார்த்தபோது அந்த எலியிடம் தெருக்கோடி வீட்டின் அல்லீல் ஒன்றும், பக்கத்து வீட்டில் மிகுதியாக உள்ள அல்லீல் ஒன்றும் இருந்தன. கலப்பு இணை. ஒரே ஓர் எலியைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. முன்பே எப்போதாவது ஒன்று சுவரைத் தாண்டியிருக்கவும் கூடும். ஆகவே அவள் அதை ஆய்வேட்டில் முடிவாக எழுதவில்லை. பின்னிணைப்பில் ஒரு வரியாகச் சேர்த்தாள்.

அன்று மாலை அவ்வாவின் மகனுடைய எண்ணுக்கு அழைத்தாள். நலம் கேட்டபின், புது வீட்டில் எலி உண்டா என்று வேடிக்கையாகக் கேட்டாள். நான்காம் மாடியில் எலி எங்கிருந்து வரும், இங்கே பல்லிகூட இல்லை என்றார் அவ்வா. இரவில் இன்னமும் தூக்கம் வருவதில்லையாம். பார்க்கத்தான் ஒன்றும் இல்லையாம்.

பக்கத்து வீட்டில் ஓர் எலி பிடிபட்டதை அவள் சொன்னாள்.

சிறிது நேரம் பேச்சில்லை.

“வால் நுனி வெள்ளையா, பிட்டா?”

“ஆமாம் அவ்வா.”

“கடிபட்டிருந்ததா?”

“இல்லை. உடம்பில் ஒரு காயமும் இல்லை.”

“அப்படியானால் பிழைத்துக்கொள்ளும்” என்றார் அவ்வா. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.